தீவுக்குப் போனால் மிச்சமா? அடக்கவிலை போட்டுப் பார்த்த கணக்கு

கானாடுகாத்தானில் எங்கள் ஆயா (பாட்டி) வீட்டு இரண்டாம் கட்டில் ஒரு எனாமல் கேரியர் இருக்கிறது. ஐந்து அடுக்கு, வெள்ளை உடம்பு, நீல விளிம்பு. மூன்றாம் அடுக்கில் மட்டும் நெல்மணி அளவுக்கு எனாமல் பெயர்ந்து இரும்பு தெரியும். அடித்தட்டைத் திருப்பினால் ஸ்வீடனில் செய்தது என்று பொடி எழுத்தில் முத்திரை. ஆயாவின் மாமனார் மலேசியாவின் பினாங்குத் தீவுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போயிருந்தபோது வாங்கி வந்தது.

அவர் எழுதிய சிட்டையைப் பற்றி ஆயா அடிக்கடி சொல்வார். வாங்கிய ஒவ்வொரு சாமானுக்கும் முதலில் கடை விலை. அதற்குக் கீழே கப்பல் கூலி. அதற்கும் கீழே நாகப்பட்டினத்தில் இறக்கி ஊர் கொண்டுவந்து சேர்த்த வண்டிக் கூலி. எல்லாவற்றையும் கூட்டி, கோடு போட்டு, "அடக்கம்" என்று எழுதியிருப்பாராம். அந்த அடக்கத்தை வைத்துத்தான் சாமான் மலிவா, கிராக்கியா என்று பேசுவார்களாம்.

போன வருடம் கோடை விடுமுறைக்கு ஒரு தீவுக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்சு வந்தபோது, நானும் அதே மாதிரி ஒரு நோட்டுப் போட்டேன். நான், வீட்டுக்காரர், 14 வயது மகள், 9 வயது மகன். ஆறு இரவு. காரைக்குடியிலிருந்து திருச்சி விமான நிலையம் இரண்டு மணி நேரப் பயணம் என்பதால் திருச்சியிலிருந்து கிளம்புவது என்று முடிவு. எந்தத் தீவு என்பதில்தான் மூன்று கட்சி. பிள்ளைகளுக்குக் கடல் வேண்டும். வீட்டுக்காரருக்கு சிங்கப்பூர், "முஸ்தபாவுல எல்லாத்தையும் ஒரே எடத்துல வாங்கிறலாம்" என்பது அவர் கட்சி. எனக்கு மலேசியாவின் லங்காவி. டியூட்டி ஃப்ரீ தீவு, வரியே கிடையாது, வாங்குகிற சாமானில் மிச்சம் பிடித்தே டிக்கெட் காசை எடுத்துவிடலாம் என்று ஊரில் இரண்டு மூன்று பேர் சொல்லியிருந்தார்கள்.

அது உண்மையா என்று பார்க்கத்தான் இந்தக் கணக்கு. கடைசியில் நாங்கள் லங்காவிக்குப் போனோம். அதே மே மாதம் என் நாத்தனார் குடும்பமும், அவர்களும் நான்கு பேர், தேவகோட்டையிலிருந்து கிளம்பித் திருகோணமலைக்குப் போய்வந்தார்கள். இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் கொஞ்சம் தைரியமாகவே எழுதுகிறேன்.

முதலில், டியூட்டி ஃப்ரீ என்றால் என்ன என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு சாமானின் விலைக்குள் இறக்குமதி வரி, கலால் வரி, விற்பனை வரி எல்லாம் உட்கார்ந்திருக்கும். வரியில்லாத் தீவில் இவற்றை எடுத்துவிடுகிறார்கள். அவ்வளவுதான். கடைக்காரரின் லாபம், கடை வாடகை, தீவுக்குச் சரக்கு கொண்டுவந்த செலவு எல்லாம் அப்படியே இருக்கும். அதனால் எந்தச் சாமானுக்கு வரி அதிகமோ அது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கும். மது, அதற்கு அடுத்து சென்ட், சாக்லேட். வரி குறைவான சாமான், டியூட்டி ஃப்ரீ என்று பெரிய போர்டு மாட்டிய கடையிலும் ஏறக்குறைய நம் ஊர் விலைதான்.

இன்னொன்று, யாருடைய வரி என்பது. 1786ல் ஆங்கிலேயர் கைக்கு வந்ததிலிருந்து பினாங்கு சுங்கமில்லாத் துறைமுகமாக இருந்தது. உலகத்துச் சரக்கெல்லாம் அங்கே வரியில்லாமல் இறங்கியதால்தான் ஸ்வீடன் எனாமல் செட்டிநாட்டுக்காரர் கைக்கு நியாயமான விலையில் கிடைத்தது. 1969ல் பினாங்கின் அந்த உரிமை போனது. பிறகு 1987ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல், கெடா மாநிலத்தைச் சேர்ந்த லங்காவியை வரியில்லாத் தீவாக அறிவித்தார்கள்; மகாதீர் முகமது பிரதமராக இருந்த காலம். அது முதலில் மலேசியர்களுக்கான சலுகை. கோலாலம்பூர்க்காரர் தன் ஊர்ச் சில்லறை விலையோடு ஒப்பிட்டு லாபம் பார்க்கிறார். கண்ணாடிப் பாத்திரம், பீங்கான் தட்டு என்று பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொண்டு போகிறார். நாம் ஒப்பிட வேண்டியது காரைக்குடி விலையோடு, அதுவும் கூலி சேர்த்து. அவருக்கு லாபமாக இருப்பது நமக்கும் லாபமாக இருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

இனி லங்காவிக் கணக்கு. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்குப் போய்வர ஆளுக்கு 16,000 ரூபாய், நான்கு பேருக்கு 64,000. கோலாலம்பூரிலிருந்து லங்காவிக்குப் போய்வர ஆளுக்கு 4,500, ஆக 18,000. அறை வாடகை ஆறு இரவுக்கு 30,000. மலேசியாவில் வெளிநாட்டுப் பயணிகளிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாக வாங்குவார்கள். அதையும் இதில் சேர்த்திருக்கிறேன். நாங்கள் போனபோது ஒரு ரிங்கிட் சுமார் 20 ரூபாய். சாப்பாடு 21,000. வாடகைக் கார், கேபிள் கார், தீவு சுற்றும் படகு எல்லாம் 22,000. இன்சூரன்ஸ், சில்லறைச் செலவு 4,000. கூட்டினால் 1,59,000. இதில் இன்னும் ஒரு சாக்லேட்கூட வாங்கவில்லை.

இந்த 18,000 ரூபாயைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். லங்காவி என்ற தீவுக்காக மட்டும் நாங்கள் கூடுதலாகக் கொடுத்த விமானக் கூலி அது. கடைகளில் சராசரியாக நம் ஊரை விட 20 விழுக்காடு மலிவு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அந்த 18,000த்தை எடுக்க வேண்டுமென்றால், இங்கே 90,000 ரூபாய் பெறுமான சாமானை அங்கே வாங்க வேண்டும். எங்கள் வீட்டில் 90,000 ரூபாய்க்குச் சாக்லேட்டும் சென்ட்டும் யாருக்கு? மது வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை; வரியில்லாத் தீவில் அதிக விலைக்குறைப்பு அதில்தான். அதாவது, எங்களைப் போன்ற வீட்டுக்கு லங்காவியின் பெரிய சலுகை போகும்போதே கையை விட்டுப் போய்விடுகிறது. இதை டிக்கெட் போடும் முன்பே எழுதிப் பார்த்திருக்க வேண்டும். நான் வந்த பிறகுதான் எழுதிப் பார்த்தேன்.

நாங்கள் வாங்கியது 31,000 ரூபாய்க்கு. ஆறு கிலோ சாக்லேட், இரண்டு சென்ட், ஒரு சூட்கேஸ், மூடியோடு கூடிய பழுப்புக் கண்ணாடிப் பாத்திரங்கள் ஒரு செட். ஊருக்கு வந்து அதே சாமான்களின் விலையைக் காரைக்குடியிலும் மதுரையிலும் இணையத்திலும் விசாரித்தேன். சுமார் 38,500 வந்தது. ஆக 7,500 மிச்சம். அதில் பாதிக்கு மேல் சாக்லேட்டாலும் சென்ட்டாலும் வந்தது. சூட்கேஸில் மிச்சம் ஒன்றுமில்லை; இங்கே ஆடித் தள்ளுபடியில் அதை விடக் குறைவாகவே கிடைக்கும்.

கண்ணாடிப் பாத்திரக் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். குவா என்பது லங்காவியின் பெரிய ஊர், படகுத்துறை உள்ள இடம். அங்கே ஒரு கடையில் இரண்டாம் மாடி முழுக்கக் கண்ணாடிப் பாத்திரம். மகளின் கல்யாணச் சாமானுக்கு இப்போதிருந்தே ஒவ்வொன்றாகச் சேர்ப்போம் என்ற எண்ணம் எந்தச் செட்டிநாட்டுத் தாய்க்கும் வருவதுதான். எடுத்துப் பார்த்தேன். வெளிச்சத்தில் தேன் நிறம். மூடியைக் கவிழ்த்து விரலால் தட்டினால் வெண்கலக் கிண்ணம் மாதிரி மெல்லிய ஓசை. கையில் கனமாக இருந்தது. அந்தக் கனம்கூட அப்போது தரம் என்றுதான் தோன்றியது. வாங்கிவிட்டேன்.

அன்று இரவு அறையில் கொக்கித் தராசை மாட்டி ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிப் பார்த்தோம். டிக்கெட்டோடு நாங்கள் எடை வாங்கியிருந்தது 20 கிலோ வீதம் இரண்டு பெட்டிக்கு. இரண்டுமே தாண்டியிருந்தது. துணிகளை மாற்றி மாற்றி வைத்தும், சாக்லேட்டைக் கைப்பைகளில் பிரித்தும், கோலாலம்பூர் விமான நிலையத்தில் கவுண்ட்டர் தராசில் மூன்று கிலோ கூடியே நின்றது. கைப்பையும் ஆளுக்கு 7 கிலோவுக்கு மேல் கூடாது என்பதால் அங்கேயும் இடமில்லை. எடைக்கு 4,200 ரூபாய் கட்டினோம். அதே எடையை முன்கூட்டியே இணையத்தில் வாங்கியிருந்தால் குறைவாக ஆகியிருக்கும். கவுண்ட்டரில் எப்போதுமே கிராக்கிதான். 7,500 மிச்சத்தில் 4,200 போனது. நின்றது 3,300 ரூபாய்.

எனவே வரியில்லாத் தீவில் வாங்குவதாக இருந்தால் எடையை முதலில் பாருங்கள், விலையை அப்புறம் பார்க்கலாம். சென்ட், கைக்கடிகாரம், கண் மை, உதட்டுச் சாயம் போன்றவை விலை கூடிய, எடை குறைந்த சாமான். பாத்திரம், பெட்டி, கம்பளம், பெரிய பொம்மை இதற்கு நேர் எதிர். சென்ட் பாட்டில் எதுவாக இருந்தாலும் சரக்குப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். 100 மில்லிக்கு மேல் திரவம் இருந்தால் கைப்பையில் விடமாட்டார்கள். விமான நிலையக் கடையில் முத்திரையிட்டுக் கொடுக்கும் பைக்கு மட்டும்தான் விலக்கு. இன்னொரு விதி: லங்காவியில் வரியில்லாமல் வாங்கியதை மலேசியாவின் மற்றப் பகுதிக்குக் கொண்டுபோக, தீவில் குறிப்பிட்ட நேரம் தங்கியிருக்க வேண்டும். காலையில் படகில் போய் மாலையில் திரும்புகிறவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. பினாங்குப் பயணத்தோடு லங்காவியை ஒருநாள் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும் லங்காவிக்குப் போனதில் எனக்கு வருத்தமில்லை. மச்சிஞ்சாங் மலைமேல் கேபிள் கார் ஏறி நின்றபோது கீழே கடலில் தீவுத் தீவாகச் சிதறிக் கிடந்ததை மகன் எண்ண ஆரம்பித்து நாற்பதோடு விட்டுவிட்டான். மொத்தம் 99 தீவு என்கிறார்கள். செனாங் கடற்கரையில் மாலை முழுவதும் பிள்ளைகள் கரையேறவே இல்லை. அது கடலுக்காகக் கொடுத்த காசு. கடைக்காகக் கொடுத்தது என்று நினைத்திருந்தால்தான் ஏமாற்றமாக இருக்கும்.

சிங்கப்பூருக்கு வருவோம். கொண்டுவிக்கப் போன காலம் தொட்டு நம் ஊர்க்காரர்களுக்குப் பழகிய தீவு. டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் 1859ல் நகரத்தார் கட்டியது. அங்கே கும்பிட்டு நின்றால் ஊரில் இருப்பது போலவே இருக்கும். ஆனால் மிச்சம் பிடிக்கப் போகிறோம் என்றால் சில விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சிங்கப்பூர் வரியில்லாத் தீவு இல்லை. 2024 ஜனவரி 1 முதல் அங்கே ஜிஎஸ்டி 9 விழுக்காடு. சுற்றுலாப் பயணி அதைத் திரும்பப் பெறலாம். அதற்கு வரி திருப்பித் தரும் திட்டத்தில் சேர்ந்த கடையாக இருக்க வேண்டும், 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) குறையாமல் வாங்க வேண்டும். அதே கடையில் அதே நாளில் வாங்கிய மூன்று பில் வரை சேர்த்துக் காட்டலாம். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும்.

9 விழுக்காடு என்றதும் 100 வெள்ளிக்கு 9 வெள்ளி கைக்கு வரும் என்று நினைத்துவிடக் கூடாது. விலைப் பட்டையில் இருப்பது வரி சேர்த்த விலை. 109 வெள்ளி கொடுத்தால் அதில் 9 வெள்ளி வரி. அதாவது கொடுத்ததில் எட்டேகால் விழுக்காடு. அதிலும் திருப்பித் தரும் நிறுவனம் கட்டணம் பிடித்துக்கொள்ளும். ஆக ஏழு விழுக்காடு வந்தால் நல்லது. சாங்கி விமான நிலையத்தில் சாமானைப் பெட்டியில் போட்டு அனுப்பும் முன்பே அதற்கான இயந்திரத்தில் பதிவு செய்ய வேண்டும், சாமானைக் காட்டச் சொல்லவும் செய்வார்கள். குழந்தைகளை வைத்துக்கொண்டு கடைசி நேரத்தில் ஓடுகிறவர்களுக்கு அது முடிகிற காரியமில்லை.

இதற்கு மேல் விசா. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை விசா இல்லாமல் அனுமதித்தது; நாங்கள் போன சமயத்திலும் அப்படியே. சிங்கப்பூருக்கு விசா வேண்டும், ஆளுக்கு 30 வெள்ளி கட்டணம், ஏஜென்ட் கூலி தனி. அறை வாடகையும் அங்கே கூடுதல். லங்காவியில் ஐயாயிரத்துக்குக் கிடைத்த அறை மாதிரி அங்கே தேடினால் இரண்டு மடங்குக்கு மேல் சொன்னார்கள்.

சிங்கப்பூர் என்றால் நம் பக்கத்தில் தங்கமும் போனும். இரண்டிலும் காலம் மாறிவிட்டது. 2024 ஜூலையில் இந்தியா தங்கத்தின் இறக்குமதி வரியை 15 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைத்தது. வரி இறங்கிய அளவுக்கு இரண்டு ஊர் விலைக்கும் உள்ள இடைவெளியும் சுருங்கிவிட்டது. செய்கூலி, நம் சுங்கவரி எல்லாம் சேர்த்தால் சுற்றுலாவுக்குப் போய் நகை வாங்குவதில் எனக்கு ஒரு லாபமும் தெரியவில்லை. போன் விஷயமும் அதே. நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே ஐபோன் தயாரிக்கிற காலம் இது. வித்தியாசம் சில ஆயிரம் இருக்கலாம். பழுதானால் வாரண்டி இங்கே செல்லுமா என்பதை விசாரிக்காமல் வாங்கக் கூடாது.

அதனால் சிங்கப்பூரை எப்போது சொல்வேன் என்றால், அங்கே அண்ணனோ அம்மானோ வீடு வைத்திருந்து தங்கச் சாப்பிடச் செலவில்லை என்றால் சொல்வேன். அப்போது அது நல்ல பயணம். இல்லையென்றால், மிச்சம் என்ற வார்த்தையை விட்டுவிட்டு ஊர் பார்க்க என்று போக வேண்டும்.

திருகோணமலையைப் பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. அங்கே டியூட்டி ஃப்ரீயும் இல்லை, பெரிய கடையும் இல்லை. ஆனால் கடலைப் பற்றி ஒரு விவரம் நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைகளில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, கடல் கொந்தளிப்பு. அதே மாதங்களில் கிழக்குக் கரை அமைதியாகிவிடும். நம் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே. ஆகவே நமக்குத் திருகோணமலைக் கடற்கரைகளான நிலாவெளியும் உப்புவெளியும்தான் சரி. விடுமுறைக்கு அந்தமான் போவோம் என்கிறவர்களுக்கும் இதே சிக்கல்: மே மூன்றாம் வாரத்தை ஒட்டிப் பருவமழை அந்தமானைத் தொட்டுவிடும், கடல் மோசமானால் தீவுக்குத் தீவு போகும் படகை நிறுத்துவார்கள். ஏப்ரலுக்குள் போய்வர முடிந்தால் அந்தமான் நல்லது. பாஸ்போர்ட் வேண்டாம், பணம் மாற்ற வேண்டாம், சுங்கச் சோதனை இல்லை. வரிச் சலுகையும் இல்லை, ஆகவே வாங்கும் ஆசையும் இல்லை. விமானம் சென்னையிலிருந்து என்பதால் காரைக்குடிக்காரர் ரயில் செலவையும் சேர்க்க வேண்டும்.

நாத்தனார் கணக்கு இது. திருச்சியிலிருந்து கொழும்புக்கு நான்கு பேர் போய்வர 54,000. கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு இரவு ரயில் உண்டு. அவர்கள் பெரியவர்களுக்கு வசதியாக இருக்கும் என்று முழுப் பயணத்துக்கும் வேன் பேசிக்கொண்டார்கள், அது 25,000. அறை 27,000. சாப்பாடு 15,000. படகு, நுழைவுக் கட்டணம் 12,000. ஆக 1,33,000. தேயிலை, பட்டை, மரப் பொம்மை, நகைப்பெட்டி என்று 9,000க்கு வாங்கியிருக்கிறார்கள். எல்லாம் சேர்த்து 1,42,000. எங்களுடையது வாங்கியதும் எடைக் கூலியும் சேர்த்து 1,94,200.

வாங்கியதை விட்டுவிட்டுப் பயணத்தை மட்டும் பார்த்தால் அவர்களுக்கு 1,33,000, எங்களுக்கு 1,59,000. இடைவெளி 26,000. லங்காவிக் கடைகளில் நான் நின்று நின்று தேடி மிச்சம் பிடித்தது 3,300. இந்த இரண்டு எண்ணையும் ஒரே பக்கத்தில் எழுதிவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காசு மட்டுமில்லை. திருகோணமலையில் ஆட்டோக்காரரிடம், மீன் கடையில், கோயிலில் தமிழிலேயே பேசலாம். மொழி தெரிந்த ஊரில் விலை கேட்பதும் சுலபம், பேரம் பேசுவதும் சுலபம். கோணேஸ்வரம் மலை விளிம்பில் நின்று கடலைப் பார்த்ததைப் பற்றி நாத்தனார் இன்னும் பேசுகிறார். கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் சூடு வேறு வேறாக இருக்குமாம். சிகிரியா போன்ற இடங்களில் நம்மையும் சேர்த்து சார்க் எனும் தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டவருக்குக் கட்டணச் சலுகை உண்டு; கவுண்ட்டரில் பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் வாங்க வேண்டும். அதைத் தெரிந்து வைத்திருந்ததால் அவர்களுக்கு அங்கேயே ஒரு நாள் சாப்பாட்டுக் காசு மிச்சம். விமானம் வேண்டாம் என்கிறவர்களுக்கு நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய அந்தக் கப்பலின் பெயர் சிவகங்கை. நம் மாவட்டத்தின் பெயர். யாழ்ப்பாணம் பார்க்க நினைப்பவர்களுக்கு அது நேர்வழி. மழைக்காலத்தில் நிறுத்தி வைப்பார்கள் என்பதால் தேதியை உறுதி செய்துகொண்டு கிளம்ப வேண்டும்.

மாலத்தீவையும் ஒரு நாள் பார்த்தோம். ரிசார்ட் வாடகையையும் அங்கே போய்ச் சேரும் படகுக் கூலியையும் எழுதிய உடனே அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன்.

எந்தத் தீவுக்குப் போனாலும் கடைசிச் சோதனை திருச்சியில்தான். நாங்கள் திரும்பிய 2025 மே மாதத்தில் நடைமுறையில் இருந்தது 2016ஆம் ஆண்டு விதிகள். அதன்படி வெளிநாட்டிலிருந்து விமானத்தில் திரும்பும் இந்தியர் ஒருவருக்கு 50,000 ரூபாய் பெறுமான சாமான் வரை அப்போது வரியில்லை. அதைத் தாண்டினால் தாண்டிய மதிப்புக்கு 38.5 விழுக்காடு. இதில் பலரும் தடுமாறும் இடம், குடும்பத்துக் கணக்கைச் சேர்ப்பது. நான்கு பேர் என்றால் இரண்டு லட்சம், அதனால் ஒன்றரை லட்சத்துக்கு ஒரே கைக்கடிகாரம் வாங்கலாம் என்று நினைக்கிறார்கள். அப்படிச் சேர்க்க முடியாது. வரம்பு ஆளுக்கு ஆள் தனி. இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் தனி வரம்பு உண்டு, கைக்குழந்தைக்குக் கிடையாது. மது ஆளுக்கு 2 லிட்டர், சிகரெட் 100. லேப்டாப் 18 வயது முடிந்தவருக்கு ஒன்று, வரியில்லாமல். தட்டைத் திரை டிவிக்கு அந்தச் சலுகையே கிடையாது, கொண்டுவந்தால் வரி கட்ட வேண்டும். தங்க நகைக்கு ஆண்களுக்கு 20 கிராம், பெண்களுக்கு 40 கிராம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கானது. ஆறு நாள் போய்வருகிற நமக்கு இல்லை. தங்கக் காசுக்கும் கட்டித் தங்கத்துக்கும் வரியில்லாச் சலுகை எதுவும் இல்லை. இந்தத் தொகைகளும் விழுக்காடும் அவ்வப்போது மாறுபவை. டிக்கெட் போடும் அன்றே சுங்கத்துறைத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நம் வீட்டு நகையைப் போட்டுக்கொண்டு போவதிலும் கவனம் வேண்டும். கழுத்து நிறைய அணிந்து போனால், திரும்பும்போது அது இங்கிருந்து கொண்டுபோனதுதான் என்று காட்ட வேண்டி வரலாம். போகும்போதே விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் சான்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். நான் தாலியும் ஒரு ஜோடித் தோடும் தவிர எல்லாவற்றையும் லாக்கரில் வைத்துவிட்டுப் போனேன். கடற்கரையிலும் நிம்மதியாக இருந்தது.

அப்புறம், இதை அழுத்திச் சொல்கிறேன். கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ திருச்சி விமானத்துக்கு நிற்கும் வரிசையில் யாராவது வந்து, "அக்கா, எடை கூடிருச்சு, இந்த ஒரு பொட்டலத்தை மட்டும் கொண்டாந்து குடுத்துருங்க, வெளிய ஆள் நிக்கும்" என்று கேட்கலாம். குருவியாக, அதாவது கூலிக்குச் சரக்குக் கடத்தி, போய்வருகிறவர்கள் யார் என்று முகத்தில் எழுதியிருக்காது. உங்கள் கையில் இருக்கும் பொருளுக்கு நீங்கள்தான் பொறுப்பு. உள்ளே தங்கம் இருந்தால் விடுமுறையில் மிச்சம் பிடித்ததைப் பற்றி யோசிக்கவே நேரம் இருக்காது. தெரிந்த ஊர்க்காரராக இருந்தாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

காசு கசியும் சிறிய ஓட்டைகள் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். அங்கே கடையில் கார்டைத் தேய்த்ததும், ரூபாயில் கட்டுகிறீர்களா ரிங்கிட்டில் கட்டுகிறீர்களா என்று மெஷின் கேட்கும். ரூபாய் பழகிய பெயர் என்று அதை அழுத்திவிடுவோம். அழுத்தக் கூடாது. அப்படி மாற்றித் தரும் விலையில் அவர்கள் லாபம் சேர்ந்திருக்கும். அந்த ஊர்ப் பணத்திலேயே கட்டுங்கள். நம் பேங்க் பிடிக்கும் மாற்றுக் கட்டணம் பல கார்டுகளில் 2 முதல் 3.5 விழுக்காடு; போகும் முன் குறைவாகப் பிடிக்கும் கார்டு எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, இங்குள்ள ஏஜென்ட்டிடம் மொத்தப் பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் என்று வருமான வரியை முன்கூட்டியே சேர்த்து வசூலிப்பார்கள். நாங்கள் போன 2025 மே மாதத்தில் 10 லட்சம் வரை அது 5 விழுக்காடாக இருந்தது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் திரும்ப வரும். தாக்கல் செய்யும் பழக்கமில்லாத வீடுகளில் அப்போது இரண்டு லட்சத்துக்குப் பத்தாயிரம் முடங்கிப்போனது. விமானம், அறை என்று தனித்தனியாக நாமே போட்டால் இது வராது.

என் முடிவு இதுதான். மதுவோ விலை கூடிய சென்ட்டோ எப்படியும் வாங்கப் போகிற வீடு, அல்லது கோலாலம்பூருக்கு வேறு வேலையாகப் போகிறவர்கள், லங்காவியைச் சேர்த்துக்கொள்ளலாம். அவர்களுக்கு நான் போட்ட 18,000 ரூபாய்க் கணக்கு வேறு மாதிரி வரும். உறவு இருந்தால் சிங்கப்பூர். சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் உள்ள வீட்டுக்கு, கோடை விடுமுறையில், திருகோணமலை. எனாமல் மாதிரி அழகான பழைய சாமான்தான் வேண்டுமென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன, விமானமே வேண்டாம்.

ஊர் திரும்பிய வாரம் அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தை ஆயாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நல்லா இருக்கு என்றார். கடை விலையைச் சொன்னேன்.

"வெலையச் சொல்லாத ஆத்தா. அடக்கம் என்ன?"

எடைக்குக் கட்டியதையும் சேர்த்துச் சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் மூடியை மெதுவாகப் பாத்திரத்தின் மேல் வைத்தார். பிறகு நாத்தனார் கொண்டுவந்த சிலோன் பட்டை நல்ல வாசம், குழம்பில் தனியாகத் தெரிகிறது என்றார். வரும் ஏப்ரலுக்குத் திருச்சி கொழும்பு டிக்கெட் விலையை வாரம் ஒருமுறை நோட்டில் குறித்து வருகிறேன். வாங்க வேண்டிய சாமான் பட்டியலில் இதுவரை ஒரே ஒரு வரி இருக்கிறது: ஆயாவுக்குப் பட்டை, கால் கிலோ.